யாருடைய பேச்சு? தமிழ்ப் பேச்சு வேறுபாடுகளை ஆராய்ந்த முறைகளின் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியைப் பேசும் மக்கள் அனைவரும் அதனை ஒரே விதமாகப் பேசுவதில்லை. ஊர், சாதி, சமயம், கல்வி, அகவை, பால், பேசும் சூழல் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒலியும் சொல்லும் சொற்றொடரும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகளுள் சில ஒரு தலைமுறையோடு மறைகின்றன. சில நிலைபெற்று மொழியையே மாற்றிவிடுகின்றன. எது மறையும், எது நிலைக்கும், ஏன் என்பவற்றைச் சான்றுகளின் வழியே விளக்க முயலும் துறை சமூக மொழியியல் ஆகும். 1960-களில் இத்துறை தனக்கெனப் பெயரும் முறைகளும் பெற்றபோது அதன் தொடக்கக் களங்களுள் ஒன்றாகத் தமிழ் விளங்கியது.

தமிழ்ப் பேச்சு வேறுபாடுகள் ஆராயப்பட்ட முறைகளின் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. யாருடைய பேச்சைச் சான்றாகக் கொள்வது என்னும் முன்முடிவிலிருந்தே ஒவ்வொரு முறையும் தொடங்கியது என்பதும், அம்முன்முடிவே ஆய்வு முடிவுகளின் எல்லையை வகுத்தது என்பதும் இதன் மையக் கருத்து. விளக்கம் தொடர்ச்சியாக அமையும்பொருட்டுப் 'பழம்' என்னும் சொல் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இச்சொல் தமிழகப் பேச்சில் பழம், பளம், பயம் என மூவகையாக ஒலிக்கிறது. தென்மாவட்டங்களில் ளகரமும், சென்னையை ஒட்டிய வடபகுதியில் யகரமும் ழகரத்தின் இடத்தில் வருவது பலரும் அறிந்தது. யாழ்ப்பாணப் பேச்சிலும் ளகரமே பெரும்பான்மை. ஒரே எழுத்தின் இம்மூன்று ஒலிப்புகளை வெவ்வேறு காலத்து அறிஞர்கள் எவ்வாறு கேட்டனர் என்பதில் முறையியலின் வரலாறு அடங்கியிருக்கிறது.

இலக்கண மரபும் அயலார் பதிவுகளும்

பேச்சு வேறுபாடு குறித்த உணர்வு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனப் பகுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் வழக்குகளைத் திசைச்சொல் என்னும் வகை ஏற்றுக்கொண்டது. தாயைத் 'தள்ளை' என்றும் நாயை 'ஞமலி' என்றும் வழங்கிய நாடுகளை உரையாசிரியர்கள் பெயர் சுட்டிக் காட்டினர். ஒரு வகையில் இது தமிழின் முதல் வட்டாரச் சொற்பட்டியல் எனலாம்.

ஆயினும் வழக்கு என்பது உயர்ந்தோர்க்கு உரியது என்னும் வரையறையும் அதே இலக்கணத்தின் மரபியலில் இடம்பெறுகிறது. இன்றைய ஆய்வுச் சொல்லாட்சியில் கூறின், இது சான்றாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய முடிவாகும். நிலத்தால் ஏற்படும் வேறுபாட்டுக்கு இலக்கணத்தில் இடம் கிடைத்தது. சமூக நிலையால் ஏற்படும் வேறுபாடு வழுவாகவோ இழிவழக்காகவோ ஒதுக்கப்பட்டது. இம்மரபில் 'பயம்' என்னும் ஒலிப்பைப் பிழை என்று கருத முடியும். தரவு என்று கருத இயலாது.

இவ்வெல்லையை முதலில் கடந்தவர்கள் தமிழைக் கற்க வந்த அயலார். மக்களிடம் பேச வேண்டிய தேவை அவர்களைப் பேச்சு வழக்கின்பால் செலுத்தியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு அடிகளார் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். கடற்கரை மக்களின் பேச்சு வடிவங்கள் அதில் பதிவாகியுள்ளன. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்த வீரமாமுனிவரின் பணி 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1856-இல் தமது ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் இவ்விரு வழக்குகளின் இடைவெளியைக் கருத்தில் கொண்டார். இவர்கள் நோக்கம் சமூக ஆய்வன்று. எனினும், பேச்சு மாற்றத்தை நூற்றாண்டுக் கணக்கில் அளக்க விரும்புவோர்க்கு இவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளே பழைய சான்றுகளாக அமைகின்றன.

அளவைப் பணியும் சாதிக் கிளைமொழிகளும்

கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் அளவைப் பணியில் முண்டா, திராவிட மொழிகளுக்குரிய தொகுதி 1906-இல் வெளிவந்தது. சென்னை மாகாணம் அப்பணியின் நேரடி எல்லைக்குள் வரவில்லை. மொழி மாதிரிகளைத் திரட்ட அப்பணி கையாண்ட முறை இங்குக் கருதத்தக்கது. விவிலியத்தின் 'ஊதாரி மகன்' உவமை ஒவ்வொரு மொழியிலும் கிளைமொழியிலும் பெயர்த்து வாங்கப்பட்டது. ஒரே கதையைப் பல வழக்குகளில் ஒப்பிட அது உதவியது. ஆனால் எழுதப்பட்ட ஒரு கதையை ஓர் அலுவலர் கேட்க, ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால் கிடைப்பது மொழிபெயர்ப்பே. வீட்டிலும் சந்தையிலும் வழங்கும் பேச்சு அதில் முழுமையாகச் சிக்காது.

சமூகப் பிரிவையும் மொழி வேறுபாட்டையும் நேரடியாக இணைத்து ஆராய்ந்த தொடக்ககால முயற்சி பிரெஞ்சு அறிஞர் சூல் பிளாக்குடையது. தமிழில் சாதிகளும் கிளைமொழிகளும் என்னும் பொருளில் அவர் எழுதிய கட்டுரை 1910-இல் பாரிசு மொழியியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வினா மீண்டும் எழுந்தது. கமில் சுவலபில் 1959 முதல் தமிழ்க் கிளைமொழிகள் பற்றிய கட்டுரைகளைப் பிராகு நகரிலிருந்து வெளியிட்டார். அந்திரனோவ் 1962-இல் மாசுகோவில் பேச்சுத் தமிழும் அதன் கிளைமொழிகளும் பற்றி நூல் எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மு. சண்முகம் பிள்ளை, உறவுமுறைச் சொற்களில் சாதி எல்லைக்கோடுகள் அமையும் முறையை 1965-இல் விளக்கினார்.

இவ்வரிசையில் கோட்பாட்டளவில் முதன்மை பெறுவது வில்லியம் பிரைட்டும் ஏ. கே. இராமானுசனும் இணைந்து அளித்த ஆய்வாகும். 1962-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் கூடிய ஒன்பதாம் உலக மொழியியலாளர் மாநாட்டில் அது அளிக்கப்பட்டு 1964-இல் அச்சேறியது. கன்னடம், தமிழ், துளு ஆகிய மொழிகளில் பிராமணர், பிராமணரல்லாதார் பேச்சுகளை அவர்கள் ஒப்பிட்டனர். கடன்சொல் ஏற்பு, பொருள் வேறுபாடு போன்ற உணர்வுநிலை மாற்றங்களைப் பிராமணர் பேச்சில் மிகுதியாகக் கண்டனர். பிராமணர் பேச்சு தண்ணீரைத் தீர்த்தம், ஜலம் எனப் பயன் நோக்கிப் பிரித்து வழங்குவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒலியிலும் உருபிலும் தாமாகவே நிகழும் மாற்றங்கள் தமிழிலும் கன்னடத்திலும் பிராமணரல்லாதார் பேச்சில் கூடுதலாக இருந்தன. பரவலான எழுத்து வழக்கில்லாத துளுவில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே எழுத்தறிவு மாற்றத்தின் வேகத்தைத் தடுக்கும் கருவியாகச் செயல்படுகிறது என்னும் கருத்தை அவர்கள் முன்வைத்தனர்.

இக்கருதுகோளைப் 'பழம்' என்னும் சொல்லில் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் தெளிவாகிறது. எழுத்தறிவே ழகரத்தைக் காத்தது எனின், காரணமாக நிற்பது கல்வியே ஆகும். சாதி அக்கல்வியை யார் பெற்றனர் என்பதற்கான அடையாளம் மட்டுமே. தலைமுறை தலைமுறையாகத் திருமுறை ஓதும் பிராமணரல்லாத ஓதுவாரின் நாவில் ழகரம் பிறழாமல் ஒலிப்பதை இக்கோணத்தில் எண்ணிப் பார்க்கலாம். பிரைட், இராமானுசன் ஆகியோரின் விளக்கமே அவர்கள் கையாண்ட இருபிரிவுப் பகுப்பைக் கடந்து செல்லத் தூண்டியது. 'பிராமணரல்லாதார்' என்பது எஞ்சியோர் அனைவரையும் குறிக்கும் எதிர்மறைச் சொல். வேளாளர், மீனவர், நெசவாளர், தலித் மக்கள், கிறித்தவர், முசுலிம்கள் எனப் பல்வகை மக்களின் பேச்சுகள் அச்சொல்லுக்குள் அடங்கிப்போயின. ஒருசில தகவலாளரின் பேச்சைக் கொண்டு ஒரு சாதியின் பேச்சை வரையறுத்த அக்கால நடைமுறையும் இவ்வெல்லையை இறுக்கியது.

இதற்கு மாற்றான பார்வை வேறிரு களங்களிலிருந்து கிடைத்தது. வட இந்திய ஊர் ஒன்றில் களப்பணி செய்த சான் கம்பர்சு 1958-இல் வெளியிட்ட ஆய்வு, பல சாதியாரும் நாள்தோறும் தொழில் நிமித்தம் சந்தித்தும் பேச்சு வேறுபாடுகள் நீடிப்பதைக் காட்டியது. நெருங்கிய நட்புறவு எங்கு நின்றுவிடுகிறதோ அங்கே பேச்சின் எல்லையும் அமைகிறது என்பது அவர் கண்ட முடிவு. யாழ்ப்பாணத் தமிழை ஆராய்ந்த சு. சுசீந்திரராசா, அங்குச் சமூக வேறுபாடு விளிச்சொற்களிலும் முன்னிலைப் பதிலிகளிலும் வெளிப்படுவதை 1970-களில் வெளிவந்த கட்டுரைகளில் ஆய்ந்தார். நீ, நீர், நீங்கள் ஆகிய மூன்றனுள் எதை யார் யாரிடம் வழங்குகின்றனர் என்பது அங்கு மரியாதையின் அளவுகோலாக நின்றது. சமூக உறவு மாறியபோது இவ்வழக்கும் மாறியது. சாதி பேச்சில் ஒலியாகவே வெளிப்பட வேண்டும் என்பதில்லை என்பதை யாழ்ப்பாணம் இவ்வாறு உணர்த்தியது.

எண்ணிக்கை முறையின் வருகை

தமிழ் பற்றிய ஆய்வுரை கேம்பிரிட்ஜில் அளிக்கப்பட்ட அதே 1962-இல் வில்லியம் லபோவ் நியூயார்க் நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் ஓர் எளிய சோதனையை நடத்தினார். நான்காம் தளத்தில் விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றி விற்பனையாளரிடம் வழி கேட்பார்; 'நான்காம் தளம்' என்பதற்குரிய ஆங்கிலச் சொற்கள் விடையாக வரும். காதில் விழாதவர்போல் மீண்டும் கேட்டு, அழுத்திச் சொல்லப்படும் இரண்டாம் விடையையும் பெறுவார். உயிரொலிக்குப் பின் வரும் ரகரம் ஒலிக்கப்பட்டதா என்பதே குறிப்பு. இவ்வாறு 264 பேரின் விடைகள் கிடைத்தன. உயர்நிலை அங்காடியில் ரகரம் மிகுதியாகவும் மலிவு விலை அங்காடியில் குறைவாகவும் ஒலித்தது. நியூயார்க் நகரப் பேச்சைப் பற்றிய அவரது விரிவான நூல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய 1966-இல் வெளிவந்தது.

இம்முறை மூன்று அடிப்படைகளை நிறுவியது. முதலாவதாக, ஒருவர் ஒரு வடிவத்தை எப்போதும் வழங்குகிறார் என்றோ ஒருபோதும் வழங்குவதில்லை என்றோ கொள்ளாமல், எத்தனை வாய்ப்புகளில் எத்தனை முறை வழங்குகிறார் என்று எண்ண வேண்டும். இரண்டாவதாக, ஒரே ஊரில் ஒரே காலத்தில் வாழும் முதியோர், இளையோர் பேச்சுகளை ஒப்பிட்டு நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தை உய்த்துணரலாம். இளமையில் படிந்த பேச்சு பெரிதும் மாறுவதில்லை என்னும் கருத்து இதற்கு அடித்தளம். அகவைக்கேற்ப மாறும் வழக்குகளை மொழி மாற்றமெனத் தவறாகக் கொள்ளும் இடர்ப்பாடும் இதில் உண்டு. மூன்றாவதாக, கவனிக்கப்படாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை ஆய்வாளர் அறிய விரும்புகிறார். ஆனால் கவனித்துத்தான் அதனை அறிய முடியும். இதனை லபோவ் நோக்குநரின் முரண் என்றார்.

வேறுபாட்டின் பொருள் வருவாய் அடுக்குகளுக்குள் அடங்குவதன்று என்பதையும் அவரது முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. மார்த்தாசு வினியார்டு என்னும் தீவில் கோடை விருந்தினர் பெருகியபோது, தீவைத் தம் வாழ்விடமாகக் கருதியவர்கள், குறிப்பாக மீனவர்கள், உயிரொலிகளைத் தீவுக்கே உரிய முறையில் மிகுதியாக ஒலித்தனர். 1963-இல் வெளிவந்த இம்முடிவு, பேச்சு வேறுபாட்டை உரிமைக் குரலாகவும் கேட்க வழி செய்தது. பின்னர் பெல்பாசுட்டு நகரில் லெசுலி மில்ராய் சமூக உறவு வலையையும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பெனிலோப்பி எக்கர்ட்டு இளையோரின் குழு அடையாளத்தையும் முன்வைத்து இப்பார்வையை விரித்தனர்.

இரட்டை வழக்கு என்னும் தடை

இம்முறைகளைத் தமிழில் அப்படியே கையாள இயலுமா என்பது அடுத்த வினா. சார்லசு பெர்குசன் 1959-இல் இரட்டை வழக்குக் கோட்பாட்டை வகுத்தபோது அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து செருமன், எயிட்டியின் கிரியோல் ஆகியவற்றை அடிப்படைச் சான்றுகளாகக் கொண்டார். அடுத்த ஆண்டிலேயே அவரும் கம்பர்சும் பதிப்பித்த தொகுதியில் சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் விளக்கினார். 1986-இல் பிரான்சிசு பிரிட்டோ இக்கோட்பாட்டைத் தமிழ்வழி மீளாய்ந்து தனி நூலாக்கினார்.

லபோவின் நேர்காணலில் இயல்பான உரையாடல், கவனமான பேச்சு, பத்தியை வாசித்தல், சொற்பட்டியலை வாசித்தல் என நடைகள் படிப்படியாக அமைகின்றன. ஆங்கிலத்தில் இப்படிகளை ஒரே அளவுகோலின் மேல் வைக்க முடியும். தமிழில் ஒருவரிடம் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், அவர் பேச்சின் கவனமான நடைக்குச் செல்வதில்லை. வேறோர் இலக்கணத்துக்கே சென்றுவிடுகிறார். 'வந்துகிட்டிருக்காங்க' என்று பேசுபவர் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று வாசிக்கிறார். 'பயம்' என்று பேசுபவர் பட்டியலில் 'பழம்' என்று வாசித்துவிடக்கூடும். அதனைக் கொண்டு அவரது பேச்சில் ழகரம் கூடிவருகிறது என முடிவு செய்தல் பிழையாகும். 'இதனை நீங்கள் எவ்வாறு சொல்வீர்கள்?' என்று நேரே கேட்பதும் பயன் தராது. கேள்வியே எழுத்து வழக்கை வரவழைத்துவிடும். நோக்குநரின் முரண் தமிழில் இருமடங்காகிறது எனலாம். பேச்சு வடிவத்தின் இயல்பான ஏற்ற இறக்கங்களைப் பெற, பழகியவர்கள் தமக்குள் நிகழ்த்தும் நீண்ட உரையாடல்களே தகுந்த சான்றாகும்.

எழுத்து வழக்குக்கும் கிளைமொழிகளுக்கும் இடையே ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் உருவாகி வருவதை ஆரல்டு சிப்மன் 1998-இல் வாதிட்டார். படித்த பிராமணரல்லாதாரின் பேச்சை ஒட்டி, நாடகம், திரைப்படம் போன்றவற்றின் வழியே அது பரவியது என்பது அவர் கருத்து. கல்விக்கழகம் எதுவும் வகுக்காமல் மக்களின் வழக்கே ஒரு பொதுநிலையை எட்டியது என்னும் இவ்விளக்கம், செம்மை என்பது மேலிருந்து மட்டுமே வரும் என்னும் பழைய எண்ணத்துக்கு மாறானது.

புலம்பெயர் தமிழும் புதிய வினாக்களும்

இவ்வரலாறு புலம்பெயர்ந்த தமிழர்க்கு உடனடிப் பொருள் உடையது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. எனினும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2000-இல் 42.9 விழுக்காடாக இருந்து 2010-இல் 36.7 விழுக்காடாகக் குறைந்தனர். இத்தகைய எண்கள் போக்கைக் காட்டுகின்றன, பேச்சைக் காட்டுவதில்லை. பாட்டியிடம் தமிழும் தம்பியிடம் ஆங்கிலமும் பெற்றோரிடம் இரண்டும் கலந்தும் பேசும் ஒரு சிறுவனின் வீடு கணக்கெடுப்பில் ஒரே மொழியின் பெயரால் பதிவாகிவிடுகிறது.

2005-இல் சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு எழுத்து வழக்கை மட்டும் கற்பித்தால், அப்பிள்ளை தமிழில் எவரோடும் உரையாட இயலாத நிலை ஏற்படும் என்பது இதன் பின்னுள்ள கவலை. பேச்சு வழக்கை வழுவெனக் கருதிய மரபுக்கும், அதனை முறையுடைய மொழியெனக் காட்டிய அரை நூற்றாண்டு ஆய்வுக்கும் இடையிலான வழக்கு, இங்கு ஒரு குழந்தையின் நாவில் தீர்க்கப்படுகிறது.

மொன்றியலில் களப்பணி செய்த சோனியா தாசு 2016-இல் வெளியிட்ட நூல் வேறொரு கோணத்தைத் தருகிறது. அங்கு இந்தியத் தமிழர் பேச்சு வழக்கோடும் இலங்கைத் தமிழர் தூய எழுத்து வழக்கோடும் தம்மை அடையாளப்படுத்திக்கொள்கின்றனர். தாயகத்தில் ஒருவரே சூழலுக்கேற்ப வழங்கிய இரு வழக்குகள், புலம்பெயர் நகரில் இரு குழுக்களின் அடையாளங்களாகப் பிரிந்து நிற்கின்றன. இரட்டை வழக்குக் கோட்பாடு எதிர்பாராத மாற்றம் இது.

எழுத்தறிவு மாற்றத்தைத் தடுக்கிறது என்னும் பிரைட், இராமானுசன் கருதுகோளைச் சோதிக்கவும் புலம்பெயர் சூழல் ஏற்றது. அவர்கள் ஆராய்ந்த சமூகத்தில் பேச்சு முதலில் வந்தது. எழுத்து பின்னர் வந்து அதனைக் கட்டுப்படுத்தியது. ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட குடும்பத்தில் தமிழ் எழுத்தின் வழியே முதலில் அறிமுகமாகிறது. அப்பிள்ளை 'பழம்' என்று திருத்தமாக ஒலிக்கலாம். தோட்டத்தில் வளர்ந்த அவனுடைய பாட்டி 'பளம்' என்று சொல்லலாம். அகவையை மட்டும் கொண்டு ஒப்பிடும் ஆய்வாளர் இதனை ழகரத்தின் மீட்சியென்று எழுதிவிட முடியும். உண்மையில் அங்கு இடையறாத பேச்சு மரபு அறுந்து, பாடநூல் வழியே வேறொரு மரபு தொடங்கியிருக்கக்கூடும். சரியான ஒலிப்பு மொழியின் நலத்துக்குச் சான்றாகாது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வேறு பயிருக்கு மாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின், தோட்டக் குடியிருப்புகளில் உருவான பேச்சுக்குரிய சமூகம் சிதறிவிட்டது. அப்பேச்சை இளமையில் பெற்ற தலைமுறை முதுமையில் இருக்கிறது. 1979-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று மையத்தின் ஒலிப்பதிவுகளில் தமிழ் நேர்காணல்களும் உள்ளன. வரலாற்றுச் செய்திக்காகப் பதிவான அக்குரல்கள் மொழிச் சான்றாகவும் பயன்படத்தக்கவை. இன்றைய பேச்சோடு அவற்றை ஒப்பிட்டால் மாற்றத்தை உண்மைக் காலத்திலேயே அளக்க முடியும்.

முடிவுரை

உயர்ந்தோர் வழக்கைத் தேர்ந்த இலக்கணம் நிலத்தின் வேறுபாட்டைக் கண்டது; சமூகத்தின் வேறுபாட்டை ஒதுக்கியது. சாதியை அளவுகோலாகக் கொண்ட ஆய்வு அவ்வேறுபாட்டைக் கண்டது; சாதிக்குள்ளும் சாதிகளுக்கு அப்பாலும் செயல்பட்ட கல்வியையும் நட்பையும் முழுமையாகப் பிரித்தறியவில்லை. எண்ணிக்கை முறை மாற்றத்தின் நடையைக் காட்டியது. ஆனால் தமிழின் இரட்டை வழக்குக்கு ஏற்ப அதனைத் திருத்தியமைக்க வேண்டியிருக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் இனி நடைபெறும் ஆய்வுகள் இம்மூன்று படிப்பினைகளையும் ஏற்றுத் தொடங்க வேண்டும். சாதிப் பெயரை முன்கூட்டியே ஒட்டாமல், கல்வி, குடிபெயர்வு, நட்பு வட்டம், வீட்டு மொழி ஆகியவற்றைப் பேசுவோரிடமே கேட்டு அறிய வேண்டும். கலப்புப் பேச்சைக் குறையென விலக்காமல் தரவாகக் கொள்ள வேண்டும். பேசியவரின் இசைவோடு பெற்ற பதிவுகளை அவருடைய வழித்தோன்றல்களும் கேட்கும் வகையில் நூலகங்களில் காக்க வேண்டும். 'பளம்' என்று சொன்ன பாட்டியின் குரலை அவர் வாழ்நாளிலேயே பதிவு செய்தாலன்றி, பேரனின் 'பழம்' மொழியின் தொடர்ச்சியா, புதிய தொடக்கமா என்பதைப் பின்வரும் எந்த முறையாலும் கண்டறிய இயலாது.